லோவியின் இதயம்

மார்ச் 3

இவர் இன்று சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பத்து வருடமாகக் கிழங்குத் தோட்டத்தில் முறிகிற மனிதர், சேற்றுச் சப்பாத்தோடு வாசலில் நின்று சிரித்தால் என்னவென்று நினைப்பது? சம்பளம் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதில்லையாம். இந்த வருடம் லோவியைத் தூக்க இவரைக் கேட்டிருக்கிறார்களாம்.

லோவி, நாங்கள் இருக்கிற இந்த வில்டகெம் ஊரின் பூதப் பொம்மை. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. பிரம்புக் கூடு, மரத்தலை, நீளக் கறுப்புக் கோட்டு. உள்ளே ஒருவர் புகுந்து தோளில் தூக்கி ஆட வேண்டும். நாங்கள் பிறந்த ஊரில் சூரன்போருக்குச் சூரனை ஆட்டுவது மாதிரித்தான், ஆனால் இங்கே யாரும் லோவியைக் கொல்வதில்லை. ஜூன் திருவிழாவில் அவர் தெருவில் ஆடாவிட்டால் இந்தப் பெல்ஜியக் கிராமத்துக்கு வருடம் போனதாகக் கணக்கே இல்லை.

"இவ்வளவு காலமும் தூக்கின ஃபிர்மினுக்கு முழங்கால் ஏலாமப் போட்டுது. என்ர தோளைத் தட்டிப் பாத்திட்டு, நீ தூக்கு எண்டவர். வெளியாள் ஒருத்தரும் இதுவரைக்கும் தூக்கினதில்லையாம், தெரியுமே?"

"உந்தத் தோளை நான் எத்தினை வருசமாப் பாக்கிறன். எனக்கு ஒரு பூதமும் தெரியேல்லை" என்றேன். உள்ளுக்குள் சந்தோசம்தான்.

வீட்டுக்கு முன்னால் மின்கம்பத்தடியில் புதிதாக இரண்டு பீரங்கி ஷெல் கிடக்கின்றன. முதலாம் உலகப் போரின்போது இந்த வயல்களுக்கு மேலால்தான் ஷெல் அடித்தார்களாம். பாதி வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்துவிட்டது. இப்போதும் ஒவ்வொரு உழவுக்கும் கிளம்பி வருகிறது. விவசாயிகள் அதை எடுத்துக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்வார்கள். ஆமியின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பால்காரனுக்குப் போத்தல் வைக்கிற மாதிரி வைக்கிறார்கள். நான் கடைக்குப் போகும்போது தெருவின் மற்றப் பக்கத்தால்தான் நடக்கிறேன்.

மார்ச் 6

சாடியில் வைத்த கறிவேப்பிலை குளிரில் செத்துவிட்டது. இது மூன்றாவது. லொறி இன்னும் வரவில்லை.

மார்ச் 15

கோட்லீவ் என்னைக் கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி. இறைச்சிக்கடை வைத்திருந்தவள், லோவியின் உடுப்புகளுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நான் தைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கோட்டின் உட்துணி கிழிந்துவிட்டதாம். (அவர்கள் பேசுவதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். அவர்கள் பேசுகிறபடி எழுதினால் எனக்கே விளங்காது.)

நகரசபைக்குப் பின்னால் ஒரு கொட்டில். லோவி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கோட்லீவ் ஒரு கோப்பை கோப்பி தந்தாள், ஒரு பிஸ்கட் தந்தாள், டின்னை மூடினாள். பிறகு கதை சொன்னாள். அந்தப் போரில் ஊர் தரைமட்டமாகிப் போனது. திரும்பி வந்த சனம் தங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கூரை போடுவதற்கு முன்னமே லோவியைத்தான் கட்டியது. ஊருக்கு உயிர் இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம்.

"அதுக்காகத்தான் இவருக்கு இதயம் வைச்சவை" என்றாள்.

கோட்டின் நடுப்பொத்தானைக் கழற்றினாள். பிரம்பில் ஒரு சின்னக் கதவு. அதற்குள்ளே தோல் உறை போட்டுத் தைத்த ஒரு பாரம் தொங்கியது. லோவியின் தலை பாரம், அது பின்னுக்குச் சாயாமல் இருக்க முன்னால் இந்தப் பாரம். ஊர்வலம் தொடங்குவதற்கு முன்னம் கோயில் வாசலில் வைத்து இந்த இதயத்தை மரச் சுத்தியலால் மூன்று தரம் தட்டுவார்கள். மணி மாதிரிச் சத்தம் வரும். மூன்றாவது தட்டோடு சனம் எல்லாம் "லோவி உயிரோட இருக்கிறார்" என்று கத்தும். அதன் பிறகுதான் ஆட்டம்.

தோலின் தையலும் ஒரு பக்கம் விட்டிருந்தது. அதையும் சேர்த்துத் தைத்துவிடச் சொல்லிவிட்டு அவள் தொலைபேசியில் கதைக்கப் போனாள். பிரிந்த இடத்தால் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு. அதைச் சுற்றி ஒரு செம்புப் பட்டி.

அந்தப் பட்டியை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

தைத்தேன். ஊசி உள்ளே முட்டாமல், குழந்தையின் காதுக்கு மருந்து விடுகிற மாதிரி மெல்லத் தைத்தேன். கோட்லீவ் வந்து பார்த்து, நல்ல தையல் என்று சொன்னாள். இரண்டாவது பிஸ்கட் கிடைத்தது.

மார்ச் 16

இவருக்குச் சொன்னேன். புட்டுக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"ஷெல்லோ? வெத்து ஷெல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குக் கிடந்ததை எடுத்துப் போட்டுத்தான் வைச்சிருப்பினம்."

"எடுத்ததெண்டு ஆர் கண்டது?"

"நூறு வருசமாத் தட்டுகினம். வெடிக்கிறதெண்டா எப்பவோ வெடிச்சிருக்கும்."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று தோளைக் குலுக்கி ஆடிப் பார்த்தார். தோல் உறைக்குள் நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

மார்ச் 22

சனிக்கிழமைதோறும் லோவியைத் தூக்கி ஆடிப் பழக்கம், இன்று முதலாவது. இரவு கால் வலிக்கு எண்ணெய் போட்டு விட்டேன். இதயம் எங்கே தொங்குகிறது என்று கேட்டேன். "இஞ்ச, நெஞ்சுக்கு நேர. ஆடேக்கை வந்து வந்து முட்டுது" என்றார்.

ஏப்ரல் 5

பகலில் நன்றாகத்தான் இருக்கிறேன். சமைக்கிறேன், துவைக்கிறேன், டச்சு வகுப்புக்குப் போகிறேன். சனிக்கிழமை வந்தால் மட்டும் ஒரு வேலையும் ஓடுவதில்லை. இவர் பழக்கத்துக்குப் போன நேரம் முழுக்க ஜன்னலடியில் நின்றேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. யாரோ எங்கேயோ காரின் கதவை அடித்துச் சாத்தினான், நான் நிலத்தில் குந்திவிட்டேன். எழும்ப வெட்கமாக இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை, ஆனாலும் வெட்கம்.

ஏப்ரல் 8

பயந்து பயந்து சாவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று கோட்லீவிடம் போனேன். செம்புப் பட்டியைக் கண்டேன், அது ஷெல், ஆமிக்காரரைக் கூப்பிட்டு ஒருதரம் காட்டினால் என்ன என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "ஷெல்தான். பின்னை என்ன, பூசணிக்காய் எண்டோ நினைச்சனீ? எங்களை அழிச்ச சாமானை எடுத்து எங்கட லோவிக்கு இதயமா வைச்சவை. அதுதானே அதின்ர பெருமை."

"உள்ளுக்கு வெடிமருந்து கிடந்தால்?"

"இஞ்ச வா" என்று என்னை வீட்டுக்குள்ளே கூட்டிப்போனாள். சமைக்கிற குசினியின் கதவு சாத்தாமல் இருக்க, முட்டாக ஒரு ஷெல் நின்றது. கூர் மேலே. மெழுகு பூசி மினுக்கி வைத்திருந்தாள். "இது என்ர மாமனார் உழேக்கை வந்தது. என்ர பிள்ளையள் இதில பிடிச்சுத்தான் எழும்பி நிண்டு நடை பழகினவை. வில்டகெமில எந்த வீட்டில இது இல்லை? வயலில வாறது கம்பத்தடிக்குப் போகும். வீட்டில இருக்கிறது வீட்டுச் சாமான்."

நான் அந்தக் குசினியை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. இந்த வீட்டுக்கு மாறி வந்த மூன்று வருடமும் என் கட்டில் இருக்கிற சுவருக்கு மற்றப் பக்கம்தான் அவளுடைய குசினி.

ஏப்ரல் 9

கட்டிலை மற்றச் சுவருக்கு இழுத்தேன். இவர் ஏன் என்று கேட்டார். வெளிச்சம் என்று சொன்னேன்.

ஏப்ரல் 14

கதை பரவிவிட்டது. ஃபிர்மின் வீட்டுக்கே வந்தார். நொண்டி நொண்டி வந்து, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். நல்ல மனிதர். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் அடுப்பு பூட்டித் தந்தவர். அதனால்தான் அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

"ரத்னா, நான் இருவது வருசம் அதுக்குள்ள நிண்டு ஆடினனான். செத்தா போனன்?"

"இல்லை."

"எனக்கு முன்னம் என்ர தகப்பன். ஆமிக்காரரைக் கூப்பிட்டால் அவை என்ன, ஏதெண்டு பாக்க மாட்டினம். கொண்டுபோய் வெடிக்க வைச்சுப் போடுவினம். பிறகு லோவிக்கு எதை வைக்கிறது? சீமெந்துக் கட்டியையோ?" தொப்பியை விரலால் சுற்றினார். "உன்ர மனிசனைத்தான் நான் தெரிஞ்செடுத்தனான். சில பேருக்கு அது விருப்பமில்லை. நீ இப்பிடிக் கதைச்சால் அவைக்கு வாய்ப்பு."

போகும்போது பழைய சோபாவைப் பார்த்து, புதிதா என்று கேட்டார். அவ்வளவு சங்கடம் அவருக்கு.

ஏப்ரல் 15

இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது சொன்னார். "பத்து வருசம் என்னைக் கிழங்குக்காரன் எண்டுதான் கூப்பிட்டவை. இப்ப தெருவில பேர் சொல்லிக் கூப்பிடினம். குகன் எண்டு. அவைக்கு வாய்க்குள்ள வருகுதில்லை, எண்டாலும் சொல்லினம். அதைக் கெடுக்காதையும்."

நான் சரி என்றேன். இவருடைய சந்தோசத்துக்கு நான் எதிரி ஆகிவிட்டேன் என்று அழுகையாக வந்தது. வெங்காயம் வெட்டினேன்.

மே 3

ரொட்டி சுடுகிற வெதுப்பகத்தில் எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு முதலில் பாண் கொடுத்தார்கள். நான் நின்றேன். நல்ல வெயில்.

மே 10

இன்று வீட்டு வேலை இல்லாததால் நானும் பழக்கம் பார்க்கப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து கேட்பதைவிடப் பார்ப்பது பரவாயில்லை என்று நினைத்தேன். அது பிழை.

இவர் உள்ளே நின்று ஆடினார். வடிவாக ஆடினார், சொல்லத்தான் வேண்டும். லோவி உண்மையாகவே நடந்து வருகிற மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவில் இவருடைய கண் தெரிந்தது, என்னைக் கண்டு சிமிட்டினார். ஒவ்வொரு திரும்பலுக்கும் உள்ளே இரும்பு பிரம்பில் முட்டுகிற சத்தம் டொக் என்று வந்தது. மற்றவர்களுக்கு இசைக்குள்ளே அது கேட்டிருக்காது. எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

இன்று சுத்தியல் எடுக்கவில்லை. திருவிழாவுக்கு முதல்நாள் ஒத்திகையில்தான் தட்டுவார்களாம்.

மே 19

கனவு. எழுதப் போவதில்லை.

மே 28

ஆமிக்காரரின் இலக்கத்தைத் தேடினேன். பொலிசுக்குத்தான் முதலில் எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். ஒரு பெண் மறுமுனையில், எந்த வயல், எந்தக் கம்பம் என்று கேட்டாள். கம்பத்தடியில் இல்லை, பொம்மைக்குள் என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். பயத்துக்குப் பயந்தவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 6

நாளைக்கு ஒத்திகை. நாளை மறுநாள் திருவிழா. தெருவெல்லாம் கொடி. இவர் கறுப்புச் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு பாட்டுப் படித்தார். மத்தியானம் சாப்பிடும்போது நான் சொல்லிவிட்டேன். இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு இதுவரை சொல்லாததைச் சொன்னேன். சொன்னபடியே எழுதுகிறேன்.

"என்ர தம்பி நகுலன் ஷெல் விழுந்துதான் செத்தவன் எண்டு உங்களுக்குத் தெரியும். விழுந்து இல்லை. அது முந்தின வருசம் விழுந்தது, வெடிக்காமல் வளவுக்க கிடந்தது. எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் கிணத்துக்குப் போறனாங்கள். ஆடு அதில முதுகு தேய்க்கும். பழகிப் போச்சு. நகுலன் செம்புப் பட்டியைக் கழட்டி விக்கப் போறன் எண்டு கல்லை எடுத்துக்கொண்டு போனவன். நான் குசினிக்க மரவள்ளி அவிச்சுக்கொண்டு நிண்டனான். அவன் தட்டினது எனக்குக் கேட்டது."

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"முதல் ரெண்டு தட்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் சாப்பிடவில்லை. இவர் எழுந்து போய் வெளியே நின்றார். கம்பத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு வந்து சப்பாத்தின் மற்றக் காலையும் மினுக்கினார். எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று.

ஜூன் 7

இரவாகிவிட்டது, முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் ஊரே நின்றது. நான் முன்னுக்கே போய் நின்றேன். ஏதாவது நடந்தால் வீட்டில் இருந்து கேட்க மாட்டேன், இவரோடேயே போவேன் என்று முடிவெடுத்திருந்தேன். லோவி வந்தார். நின்றார். ஃபிர்மின் கோட்டின் நடுப்பொத்தானைக் கழற்றிச் சின்னக் கதவைத் திறந்தார். மரச் சுத்தியலை எடுத்தார்.

முதல் தட்டு. மணி மாதிரித்தான் கேட்டது. அன்றைக்குக் கொட்டிலில் தைத்தபோது நான் கேட்காத அழகான சத்தம்.

இரண்டாவது தட்டு.

மரவள்ளி அவிகிற மணம் வந்தது, இல்லாத மணம். நான் கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

மூன்றாவது தட்டு மணி மாதிரிக் கேட்கவில்லை. மொத்தென்று கேட்டது. பிறகு லோவி ஒருபக்கம் சாய்ந்தார். நான்கு பேர் பாய்ந்து பிடித்தார்கள். லோவியின் கோட்டைத் தூக்கிக்கொண்டு இவர் வெளியே வந்தார். வலது கை இரத்தம். மூன்றாவது தட்டு விழுவதற்கு முன்னம் இவர் உள்ளேயிருந்து கையைக் கொண்டுபோய் இதயத்துக்கு மேலே வைத்திருக்கிறார். இரண்டு விரல் நசிந்துவிட்டது.

ஃபிர்மினுக்குச் சுத்தியல் கையில் இருந்து விழுந்துவிட்டது. "ஏன்? ஏன் இப்பிடிச் செய்தனீ?"

"மூண்டாவது வேண்டாம்" என்றார் இவர். அவ்வளவுதான். டச்சில் சொன்னார், வடிவாகச் சொன்னார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் முதுகு குளிர்கிறது. லோவிக்குள் திரும்பப் புகுந்து, நல்ல கையால் இதயத்தைக் கொழுக்கியிலிருந்து கழற்றினார். பிள்ளையை ஏந்துகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சனம் இரண்டு பக்கமும் விலகியது. ஒரு சத்தம் இல்லை. இதுவரை அதற்குப் பயந்த என்னைக் கண்டு சிரித்தவர்கள் எல்லாம் ஏன் விலகினார்கள் என்று பிறகுதான் யோசித்தேன். இவர் மெல்ல மெல்ல நடந்து, எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற கம்பத்தடியில் அதை இறக்கி வைத்தார். எழும்பி என்னைப் பார்த்து, "பொலிசுக்கு எடும். எந்தக் கம்பம் எண்டு இப்ப சொல்லலாம்" என்றார்.

அந்தப் பத்துப் பதினைந்து வீட்டுத் தூரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

மத்தியானம் ஆமிக்காரர் வந்தார்கள். எங்களை எல்லாம் கோயிலுக்குப் பின்னால் அனுப்பினார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு அவர்களில் ஒருவர், இளநரை விழுந்த மனிதர், நடந்து வந்தார். வயலில் கிளம்புகிறவற்றை அவர் தூக்கிப் பெட்டியில் வைத்ததை நான் பல தரம் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். இதைத் தனியாக மணலுக்குள் வைத்திருந்தார்கள்.

"இதை வெறுமையாக்கிப் போட்டினம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று ஃபிர்மினைக் கேட்டார்.

"எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"ஒருத்தரும் வெறுமையாக்கேல்லை. நிரம்பினபடி கிடக்கு. வெடிக்க வைக்கிற மூக்கும் அப்பிடியே கிடக்கு." பிறகு, "எத்தினை வருசம் தட்டினனீங்கள்?" என்று கேட்டார்.

ஃபிர்மின் கோயில் படியில் குந்திவிட்டார். அவருடைய தகப்பனையும், தன்னையும் நினைத்திருப்பார். கோட்லீவ் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள். எனக்கு வென்ற மாதிரி இல்லை.

இவருக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலுக்கும் கட்டு.

ஜூன் 8

லோவியை ஃபிர்மினின் மருமகன் தூக்கினான். இதயத்துக்குப் பதிலாக ஒரு மூட்டை கிழங்கு கட்டினார்கள். கிழங்கு தந்தது இவருடைய முதலாளி. கோயில் வாசலில் லோவி நின்றபோது ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்ட ஒன்றும் இல்லை. சனம் காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் ஃபிர்மின் கூட்டத்துக்குள் வந்து, இவருடைய நல்ல கையைப் பிடித்து மேலே தூக்கி, "குகன் உயிரோட இருக்கிறான்" என்றார். பெயரைச் சரியாகச் சொன்னார்.

சனம் கத்தவில்லை. சில பேர் கைதட்டினார்கள், சில பேர் தட்டவில்லை. வெதுப்பகக்காரி தட்டவில்லை. பிறகு பாண்ட் வாத்தியம் தொடங்கியது.

ஜூன் 9

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். வழக்கம்போல் தெருவின் மற்றப் பக்கம் போகத் திரும்பினேன்.

எதிர்ப்பக்கக் கம்பத்தடியில் ஒரு ஷெல் நின்றது. மண் ஒட்டியது இல்லை. மெழுகு பூசி மினுக்கியது, கோட்லீவின் குசினிக் கதவு முட்டு. அதற்கு அடுத்த கம்பத்தடியில் இரண்டு, பூச்சாடிக்கு முட்டுக் கொடுத்த ஒன்றில் ஈரம் இன்னும் காயவில்லை. அதற்கு அடுத்ததில் யாரோ குடைகளைச் சாத்தி வைக்கிற பெரியது. வெதுப்பக வாசல் கம்பத்தில் வரிசையாகச் சின்னவை. எங்கள் பக்கத்திலும் அப்படியே. கோயில் வரைக்கும், கோயிலுக்கு அப்பாலும், ஒரு கம்பம் மிச்சமில்லை. ஒருவரும் வெளியே இல்லை. ஜன்னல் திரைச்சேலைகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருந்தன.

இவ்வளவுக்கும் நடுவிலா நாங்கள் படுத்து எழும்பினோம் என்று நினைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பயமும்தான், பயம் மட்டும் இல்லை.

இவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப எந்தப் பக்கத்தால கடைக்குப் போவீர்?" என்று கேட்டார்.

நடுத் தெருவால் போனேன். ஒரு கார் கூட வரவில்லை. பால் வாங்கிக்கொண்டு அதே வழியால் திரும்பி வந்தேன்.